‘ஆபிரிக்காவின்’ என்று தொடங்காத ஓர் அறிமுகவுரை

ஒஸ்லோவில் என்னுடைய முதல் புத்தகம் வெளியானபோது என்னை அறிமுகப்படுத்தியவர், நான் நோர்வேயின் இன்னார் என்றார். இன்னார் என்பவர் தமிழ்நாட்டில் வாழ்ந்த பெரிய நகைச்சுவை எழுத்தாளர். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் காலமாகி நெடுநாளாகிறது. மறுப்பு அறிக்கை விட அவருக்கு வழியில்லை. சனம் கைதட்டியது, புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனது. சில கிழமைகளின் பின் தமிழ்க் கடையில், மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவில், ஒவ்வொருவராக என்னை மறித்துச் சொல்லத் தொடங்கினார்கள்: “வாசிச்சனான். ஆனா அவரைப்போலை வரேல்லை.”

நான் அவராக வருவதாக யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. இருந்தும் ஒரே புத்தகத்தால் அவருடைய நகல் என்ற பெயரும், சரியாக வராத நகல் என்ற பெயரும் எனக்குக் கிடைத்தன. இரண்டையும் ஒருங்கே பெறுவதற்கு மற்றவர்கள் பல புத்தகங்கள் எழுதவேண்டியிருக்கும்.

இந்தச் சின்னக் காயத்தோடுதான் அந்த வசந்தத்தில் எங்கள் குடியிருப்பின் டுக்னாட்டுக்குப் போனேன். டுக்னாட் என்பது குடியிருப்பவர்கள் எல்லோரும் கூலியில்லாமல் ஒன்றுகூடி முற்றம் கூட்டி, வேலிக்கு வர்ணம் பூசி, கடைசியில் சொசேஜ் சுட்டுத் தின்னும் நோர்வே வழக்கம். போயே தீரவேண்டும் என்று சட்டமில்லை. போகாதவரை அடுத்த வசந்தம் வரைக்கும் படிக்கட்டில் எல்லோரும் அளவுக்கு மீறிய மரியாதையோடு பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில், எங்கள் கட்டடத்தில் பாதி உலகம் குடியிருக்கிறது. அந்தப் பார்வைக்குப் பயப்படாத நாடு ஒன்றுகூட அதில் இல்லை.

அன்றைக்கு நாலாம் மாடிக்காரர் ஒருவர் இலைவாரியைத் தொடவே இல்லை. கையுறை போட்ட வலது கையை மற்றக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். கோப்பி ஊற்றும் வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். சோம்பேறி என்று மனதுக்குள் தீர்ப்பெழுதினேன். பிறகு கோப்பிக் குவளையை நீட்டியபோது கையுறையைக் கழற்றியிருந்தார். பெருவிரல் நகம் நீளமாக, பளபளவென்று இருந்தது. நரம்பு வாத்தியக்காரரின் நகம். சொசேஜ் சுடும் நேரத்தில் மேலே போய்க் கிற்றாரோடு வந்தார்.

அவர் மாலி நாட்டவர், நைஜர் ஆற்றங்கரையில் பிறந்தவர். எனக்கும் அவருக்கும் பொதுவான மொழி நோர்வேஜியம்தான். அவருடைய நோர்வேஜியம் எனக்கு நன்றாக விளங்கும், என்னுடையது அவருக்கு விளங்கும். நாங்கள் இருவரும் கதைப்பது நோர்வேஜியருக்கு மட்டும் விளங்காது.

அவர் வாசித்து முடிக்க, நான் படித்தவன் அல்லவா, ஒரு கருத்துச் சொல்லவேண்டும் என்று வாய் ஊறியது. அமெரிக்க புளூஸ் பாடகர் ஒருவருடைய பெயரைச் சொல்லி, அவரைக் கேட்பதைப்போலவே இருக்கிறது என்றேன். அவர் கிற்றாரைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு சொசேஜை எடுத்து மிக மெதுவாகச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்தும் கிற்றாரை எடுக்கவில்லை.

அந்த மௌனம் எனக்கு உடனே விளங்கியது. தமிழ்க் கடையில், கத்தரிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில், அதே மௌனத்தோடு நான் நின்றிருக்கிறேன். ஆகவே என்னுடைய கதையை, நோர்வேயின் இன்னாரான கதையை, அவருக்குச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் அடுப்பருகே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் சிநேகிதரானது அப்படித்தான்.

அவருடைய காயம் என்னுடையதைவிடப் பெரியது. ஐரோப்பாவில் அவர் வாசித்த மேடைகளில் எல்லாம் ஆபிரிக்காவின் இன்னார், பாலைவனத்தின் இன்னார் என்றுதான் விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். அந்த இன்னார்களில் ஒருவரும் பாலைவனத்தைக் கண்டவரில்லை. பிறகு காலம் மாறியது. புளூஸ் என்பதே ஆபிரிக்காவிலிருந்து போனதுதான், ஆகவே நீங்கள்தான் எல்லோருக்கும் மூலம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நான் அதை உயர்வான மரியாதை என்று நினைத்தேன். அவருக்கு அதுவும் பிடிக்கவில்லை.

“முதலில் என்னைப் பேரனாக்கினார்கள். இப்போது பாட்டனாக்குகிறார்கள்,” என்றார். “என் வயதில் என்னை இருக்க விடுகிறவர் ஒருவரும் இல்லை.”

எங்கள் தமிழ்ச் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் பனிக்காலத்தில் ஓர் இசைமாலை நடத்தும். வழமையாகப் பிள்ளைகளின் வீணை, பிள்ளைகளின் மிருதங்கம், பிள்ளைகளைப் படம் பிடிக்கும் பெற்றோர். இம்முறை அயலவர் ஒருவரை வாசிக்கக் கூப்பிட்டால் என்ன என்று நான்தான் சங்கத் தலைவரிடம் கேட்டேன். தலைவர் பல் வைத்தியர். கர்நாடக சங்கீதப் பித்தர். நோயாளியின் வாயைத் திறக்கவைத்துவிட்டு ஆலாபனைகளை ஒலிக்கவிட்டு, என்ன ராகம் என்று கேட்பவர். பதில் சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்களிடம் மட்டும் கேள்வி கேட்பது அவருடைய தொழில் தந்த பழக்கம். அவர் உடனே சம்மதித்தார். சங்கத்துக்கு உதவிப்பணம் தரும் நகரசபைக்காரரும் சந்தோசப்படுவார்கள் என்றார்.

விருந்தாளியைக் கேட்கவேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். என் மனைவி புட்டும் கணவாய்க் கறியும் வைத்திருந்தாள். முதல் பிடி வாய்க்குள் போனதும் அவர் முகம் மலர்ந்தது. இது எங்கள் ஊர்க் குஸ்குஸ்தான், அச்சு அசல் அதே, என்றார்.

மனைவி கறிக் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். முதலில் நோர்வேஜியத்தில் அவரிடம் மிகுந்த பண்போடு, இது புட்டு என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “இஞ்சாருங்கோ, அவருக்கு மட்டுந்தானோ ரோசம்? என்ரை புட்டுக்கு இல்லையோ?” என்றாள்.

நான் மொழிபெயர்த்தேன். அவர் கையை நெஞ்சில் வைத்து மன்னிப்புக் கேட்டார். என்னை ஒப்பிடுகிறவர்களைப்போலவே நானும் ஆகிவிட்டேன் என்றார். அதற்குப் பிறகு ஒப்பிடாமல் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார்.

தேநீர் குடிக்கும்போது விழாவுக்கு வரச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. தன்னை யாருடைய இன்னாராகவும் அறிமுகப்படுத்தக் கூடாது.

அவர் ஒரு விடயம் விளக்கினார். தன்னை இன்னாரென்று சொல்லி மேடையேற்றினால், சனம் கேட்கக் காத்திருப்பது அந்த இன்னாரைத்தான். ஆகவே அவரும் அதற்கு ஏற்றதாக நாலு பாட்டு வாசித்து, கைதட்டு வாங்கி, வீட்டுக்குப் போய்விடுவார். அது தொழில், அதில் கோபமில்லை. ஆனால் அவரிடம் சொந்தமாக ஒன்று இருந்தது. ஆற்றில் நீர் வற்றும் காலத்தில் மணலில் தட்டி நின்ற படகில், வெள்ளம் வருமென்று காத்திருப்பவர்களைப் பற்றிய நீண்ட பாட்டு. தொடங்கிவிட்டதா, இன்னும் தொடங்கவில்லையா என்று தெரியாத பாட்டு. எதைக் கேட்கப் போகிறோம் என்று முன்பே தெரிந்துகொண்டு வந்தவர்களுக்கு முன்னால் அதை வாசிக்க முடியாது என்றார். ஒஸ்லோவில் அதை அவர் ஒருமுறைகூட வாசித்ததில்லை. எங்களுக்கு வாசிக்க விரும்பினார்.

அறிமுகம் தமிழில்தான் இருக்கும், நான்தான் செய்யப்போகிறேன், கவலைப்பட வேண்டாம் என்றேன்.

“எந்த மொழியானாலும் எனக்குத் தெரிந்துவிடும்,” என்றார். “முதலில் ஆபிரிக்கா என்ற சொல் வரும். அடுத்ததாக ஒரு மனிதரின் பெயர் வரும். அது என் பெயராக இருக்காது. பிறகு கைதட்டுவார்கள்.”

நான் வாக்குக் கொடுத்தேன்.

விழாவுக்கு முந்தின கிழமை எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. தலைவருடைய கதிரையில் சாய்ந்தேன். ஊசி போட்டு, வாய் விறைத்து, உறிஞ்சு குழாயும் உதட்டில் கொழுவிய பிறகுதான் விழாக் கதையை எடுத்தார். கேடயம் செய்தாகிவிட்டது. பொன்னாடையும் வந்துவிட்டது. பட்டம் சூட்டாமல் எங்கள் மேடையிலிருந்து ஒருவரையும் அனுப்பியதில்லை. உள்ளூர்ப் பேருந்துச் சாரதிக்குக்கூட ஒருமுறை சூட்டியிருக்கிறோம். இம்முறை பட்டத்தைத் தலைவரே யோசித்திருந்தார். ‘ஆபிரிக்காவின்’, அதற்கடுத்து யாழ்ப்பாணத்துக் காலஞ்சென்ற நாதஸ்வர வித்துவான் ஒருவரின் பெயர். அந்தப் பெயரையும் எழுதப்போவதில்லை. அவருடைய உறவினர் பக்கத்து நகரமான திராமனில் இருக்கிறார்கள்.

“ஆரெண்டு தெரியாட்டி எங்கடை சனம் எப்படிக் கேக்கும் காணும்?” என்றார். “ஒரு பெரிய பேரைச் சொன்னால்தானே நிமிந்து இருக்கும்?”

அதில் நியாயம் இல்லாமலில்லை. அவருடைய கணக்கில் அது விருந்தோம்பல். வீட்டுக்கு வந்தவருக்கு இருப்பதில் நல்ல கதிரையைத் துடைத்துப் போடுவதுபோலத்தான் எங்களிடம் இருப்பதில் நல்ல பெயரை எடுத்துப் போடுகிறோம். அந்தக் கதிரையில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்பதுதான் சிக்கல்.

நான் கையை உயர்த்தினேன். கையைப் பிடித்து மெதுவாகக் கீழே வைத்தார். நான் சொன்ன மறுப்பு எச்சிலாக வடிந்தது. துடைத்துவிட்டார்.

“அந்தாளுக்குத் தமிழ் விளங்காதுதானே. நீர் வாசிச்சுவிடும். ஓம் எண்டு எடுக்கிறன்,” என்று துளைகருவியை வாய்க்குள் விட்டார்.

தலையையாவது இடமும் வலமும் ஆட்டியிருக்கலாம். வாயில் துளைகருவி இருக்கும்போது ஆட்டக் கூடாது என்று சுவரில் எழுதிப்போட்டிருக்கிறார்கள். சட்டத்தை மதிக்கும் குடிமகனாகப் படுத்திருந்தேன்.

விறைப்பு எடுபட்டதும் தொலைபேசி எடுத்து, வாசிக்கமாட்டேன் என்றேன். கேடயத்தில் பெயர் பொறித்தாகிவிட்டது, இனி அழிக்க முடியாது என்றார். நான் மேடையேறினால் வாசிப்பேன் என்றும், என்னைத் தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். அதுதான் என்னைக் குத்தியது. உண்மையில் தெரிந்துதான் வைத்திருந்தார். மேடையில் தந்த எதையும் நான் இதுவரை மறுத்ததில்லை. நோர்வேயின் இன்னார் என்று சொன்னபோதும் எழுந்து கும்பிட்டுத்தான் நின்றேன்.

விழா ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. நடைவழி முழுக்கப் பனிச் சப்பாத்துகள். அவற்றுக்கு மேல் பட்டுச் சேலைகள் உரசிக்கொண்டு போயின. குத்துவிளக்கு ஏற்றினோம். இறந்தவர்களுக்கு அகவணக்கம் செலுத்தினோம். தலைமையுரை நடந்தது. தொடர்ந்து நடந்தது. வீணைகள் முடிந்தன. விருந்தாளி மேடையின் ஓரத்தில் கிற்றாரோடு உட்கார்ந்து, எல்லாவற்றையும் மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். ஏறும்போது தலைவர் தன் கையால் எழுதிய அறிமுகவுரையை என் சட்டைப்பையில் திணித்துவிட்டார். முதல் சொல் என்னவென்று எனக்குத் தெரியும்.

மைக்கைப் பிடித்தேன். விருந்தாளி நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சொல் வருகிறதா என்று காத்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. பெருவிரல் நரம்பில் இருந்தது, ஆனால் அழுத்தவில்லை. எந்தப் பாட்டு என்று அவர் இன்னும் தீர்மானிக்கவில்லை.

“இவர் எங்கடை கட்டடத்திலை நாலாம் மாடியிலை இருக்கிறார்,” என்றேன். “கிற்றார் வாசிப்பார், பாடுவார். ஆரையும்போல இல்லை. கேளுங்கோ.”

ஒருவரும் கைதட்டவில்லை. பிழை அவர்களுடையதல்ல. எங்கே தட்டவேண்டும் என்று பட்டம்தான் சொல்லும், பட்டத்தைக் காணவில்லை. நான் நடுவில் மறந்துவிட்டேன் என்று நினைத்து இரக்கத்தோடு பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்த தலைவர் பொன்னாடையும் கேடயமுமாக விறுவிறுவென்று ஏறி வந்தார். புன்னகை மாறாமல் மைக்குக்குக் கை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை.

இழுத்தார். நானும் இழுத்தேன். தமிழ் விழாக்களில் மைக்கை விடாதவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். நானும் கண்டிருக்கிறேன், துணைத்தூதர் ஒருவரிடமிருந்து அதைப் பறிக்க மின்சாரத்தையே நிறுத்தியிருக்கிறோம். ஒன்றும் பேசாமலிருப்பதற்காக மைக்கை விடாமல் பிடித்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். எங்கள் இருவரின் மூச்சும் மண்டபம் முழுவதும் ஒலித்தது.

“விடும் காணும், சனம் பாக்குது,” என்றார் தலைவர். அது எல்லோருக்கும் கேட்டது.

“பாக்கட்டும். அந்தச் சொல்லை நீர் சொல்லக்கூடாது,” என்றேன். அதுவும் கேட்டது.

அப்போது எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கை வந்தது. நீண்ட நகமுள்ள கை. அவருக்குப் பாட மைக் வேண்டுமே. விருந்தாளி கேட்கும்போது இருவரில் யார்தான் மறுக்கமுடியும்? கொடுத்தோம். அவர் அதைத் தாங்கியில் பொருத்தி, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தலைவர் கேடயத்தோடு நின்றபடி மைக் இல்லாத குரலில் ‘ஆபிரிக்காவின்’ என்று தொடங்கினார். பெருவிரல் தடித்த நரம்பில் விழுந்தது. மிச்சம் ஒருவருக்கும் கேட்கவில்லை. நானும் தலைவரும் இறங்கி வந்து, பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் ஒருவரையொருவர் பாராமல் அமர்ந்தோம்.

அவர் வாசித்தது படகுப் பாட்டு.

அதை இங்கே விவரிக்க எனக்கு மிகவும் ஆசை. விவரித்தால் ஒப்பிடுவேன், என்னை எனக்குத் தெரியும். ஆகவே கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். பெருவிரல் ஒரே நரம்பை விட்டு நகரவில்லை. மற்ற விரல்கள் வந்தன, போயின. தலைவர் சற்று நேரம் கோபமாக இருந்தார். பிறகு அவருடைய கை அவரைக் கேளாமலே தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. முகம் தெளிந்தது. பின்பக்கம் திரும்பி, “சுத்த தன்யாசி,” என்று ராகத்தை அறிவித்தார்.

எங்களுக்கு நேர் பின்வரிசையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த கணினிப் பொறியியலாளர் ஒருவர் இருந்தார். “இல்ல சார், இது உதயரவிச்சந்திரிகா,” என்றார் அவர்.

“ரெண்டும் ஒண்டுதான், தம்பி.”

“ஒண்ணுன்னு சொல்றவங்க இருக்காங்க சார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.”

இது நூற்றுக்கணக்கான கச்சேரிகளில் நடந்த வழக்கு, ஹவுகன்ஸ்டுவாவில் தீர்ப்பாகப் போவதில்லை. எங்கள் வியாதி இதுதான்: பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் கேட்டு முடித்தாயிற்று. இருவரும் தாழ்ந்த குரலில் வாதாடிக்கொண்டிருக்க, மேடையில் விரல் ஒன்று அந்த ராகத்தில் இல்லாத, எந்த ராகத்தின் பேரிலும் மன்னிக்கமுடியாத ஓரிடத்தில் போய் நின்றது. நரம்பை வளைத்து, இரண்டு சுரங்களுக்கு நடுவில், அங்கேயே நின்றது. தலைவரின் கை தொடைக்கு மேலே பாதிவழியில் நின்றுவிட்டது. பொறியியலாளர் கதிரையின் நுனிக்கு நகர்ந்தார். அதற்குப் பிறகு அந்த இரண்டு வரிசைகளிலும் ஒருவரும் எதற்கும் பெயர் வைக்கவில்லை. படகு மணலிலேயே நின்றது. மண்டபமும் அதோடு இருந்தது. கொத்துரொட்டி தயாரென்று கதவருகே வந்து சொன்னவரைக்கூட யாரோ கையமர்த்தி உட்காரவைத்தார்கள். எங்கள் சமூகத்தின் வரலாற்றில் இது சாதாரண விடயமல்ல.

முடிந்தபோது எங்கே தட்டுவதென்று அப்போதும் தெரியவில்லை. பிறகு தட்டினார்கள்.

தலைவர் பொன்னாடையைப் போர்த்தினார். கேடயத்தை ஒன்றும் சொல்லாமல் கொடுத்தார், கோபத்தில்தான். நடைவழியில் சப்பாத்துத் தேடும்போது நண்பர் கேடயத்தைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். இன்னொருவருடைய பெயர் என்று உண்மையைச் சொன்னேன்.

“அவர் நன்றாக வாசிப்பாரா?”

“மிக நன்றாக.”

“அப்படியானால் இது அவர் வீட்டில் அல்லவா இருக்கவேண்டும்?”

பொன்னாடையை அவர் வைத்துக்கொண்டார். இப்போதும் குளிருக்குக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்பார். கேடயத்தை ரயிலில் திராமனுக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வித்துவானின் மருமகள் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். “மாமா ஆபிரிக்காவுக்கு ஒருக்காலும் போகேல்லையே,” என்றார். ஆனாலும் வரவேற்பறையில் மாமாவின் படத்துக்குக் கீழே வைத்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அறிமுகவுரையைப் பற்றிச் சங்கத்துக்கு ஒரே ஒரு முறைப்பாடுதான் வந்ததாம். நோர்வேஜியர் நிலத்தளத்தையே முதலாம் மாடி என்று எண்ணுபவர்கள். ஊர்க் கணக்குப்படி அவர் இருப்பது மூன்றாம் மாடி. நான் சொன்ன ஒரே தகவலும் பிழை. ஏற்றுக்கொள்கிறேன்.

அடுத்த ஆண்டு இசைமாலைக்கு என்னைப் பேசக் கூப்பிடவில்லை. பல் மட்டும் என்னை விடவில்லை. மறுபடி அதே கதிரை, அதே விறைப்பு, உதட்டில் அதே குழாய். தலைவர் கையுறையை மாட்டி விளக்கை என் வாய்க்கு நேரே திருப்பினார். பிறகு துளைகருவியை வாய்க்குள் விட்டபடி ஆரம்பித்தார்.

“நானும் எத்தினையோ தரம் யோசிச்சுப் பாத்திட்டன் காணும். அண்டைக்கு அந்தாள் வாசிச்சது சுத்த தன்யாசிதான். அந்த ஓரிடம் கை தவறினது. என்ன, ஓம்தானே?”

கருவி உள்ளே சுழன்றுகொண்டிருந்தது. சுவரில் அந்த எச்சரிக்கை இன்னும் இருந்தது.

தலையை ஆட்டினேன். இடமும் வலமுமாக.